உயரப் பயத்தைக் குறைப்பது எப்படி: மொட்டை மாடியில் தொடங்கி மாத்தூர் தொட்டிப்பாலம் வரை

மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போட முடியவில்லை, மேம்பாலம் ஏறும்போது ஹேண்டில்பாரைப் பிடித்த கை வியர்க்கிறது, குடும்பத்தோடு பழநிக்குப் போனால் அடிவாரத்தில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்துவிடுகிறீர்கள். இப்படி இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. உயரப் பயம் நன்றாகக் குணமாகிற பயங்களில் ஒன்று. அதற்குப் பெரிய செலவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், ஒன்றரை முதல் இரண்டு மாதம். இந்த நேரத்தை ஒதுக்க முடியுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அரைகுறையாகத் தொடங்கி நடுவில் விடுபவர்களுக்குப் பயம் சில சமயம் கூடிப்போகிறது.

1. முதலில் இது பயமா, தலைச்சுற்றலா என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் நிறைய. பிரித்தறிவது எளிது. படுக்கையில் புரண்டு படுக்கும்போது, குனிந்து நிமிரும்போது, அண்ணாந்து பரணைப் பார்க்கும்போது அறையே சுற்றுகிறதா? அப்படியானால் அது காதின் உட்பகுதிச் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அந்த வகைத் தலைச்சுற்றலில் மிகப் பரவலான ஒன்றை, தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைக்கும் சில நிமிடப் பயிற்சியாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். உட்கார்ந்து எழும்போது மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும்.

யாரும் கேட்காத ஒன்று கண்ணாடி. கிட்டத்தில் பார்ப்பதற்கும் தூரத்தில் பார்ப்பதற்கும் ஒரே வில்லையில் வசதி உள்ள கண்ணாடி போட்டிருந்தால், படியிறங்கக் குனியும்போது கீழ்ப்பாதி வில்லை வழியாகப் படி மங்கலாகத் தெரியும். பாதி பயம் அங்கேயே பிறக்கிறது. படி இறங்க, தூரத்தில் பார்ப்பதற்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், உயரத்தில் நின்றால் மட்டும், சில சமயம் நினைத்தாலே கூட, நெஞ்சு படபடக்கிறது, கால் துவள்கிறது, ஓடிவிடத் தோன்றுகிறது என்றால் அது பயம்தான். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ பயணத்தையோ தடுத்தால் மருத்துவர்கள் அதைக் குறிப்பிட்ட பொருள் சார்ந்த அச்சக் கோளாறு என்று பதிவு செய்வார்கள்.

2. யார் தனியாகத் தொடங்கக் கூடாது

இதய நோய், வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கி விழும் வழக்கம் உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால் உயரமான இடத்துப் பயிற்சியே கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ, தமிழ்நாட்டில் 104-க்கோ இப்போதே பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. உயரத்தில் நிற்கும்போது ‘நானே குதித்துவிடுவேனோ’ என்று ஒரு கணம் மின்னி மறையும் எண்ணம், சாக விரும்பாத, வாழ்க்கையை நேசிக்கிற எத்தனையோ பேருக்கு வருவது. அது வந்ததற்காகத் தன்னையே சந்தேகித்து, பயிற்சியை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அந்த எண்ணம் உங்களைத் திடுக்கிட வைக்கிறது, நீங்கள் பின்வாங்குகிறீர்கள் என்றால் அது பயத்தின் குரல்தான். இறக்க வேண்டும் என்ற விருப்பமாகவே அது தோன்றினாலோ, உயரத்தை விட்டு வந்த பிறகும் கூடவே வந்தாலோ மேலே சொன்ன எண்களை அழையுங்கள்.

கட்டடம், மின்கம்பம், கோபுரம் போன்ற உயர வேலையில் இருப்பவர்கள் வேலை நேரத்தில் பயிற்சி செய்யாதீர்கள். பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிக் கீழ்த்தளப் பணி கேளுங்கள். மருத்துவத் தகுதிச் சான்றுக்கான பரிசோதனையில் பயத்தை மறைப்பது உங்கள் உயிரோடும் பக்கத்தில் இருப்பவர் உயிரோடும் விளையாடுவது.

3. உதவி, ஆவணம், செலவு

நடுத்தரமான பயம் என்றால், நம்பகமான துணை ஒருவரோடு நீங்களே செய்துவிடலாம். உயரத்தில் ஏற்கெனவே பீதித் தாக்குதல் வந்திருந்தாலோ, வேறு மனநலப் பிரச்சினை இருந்தாலோ நிபுணரோடு தொடங்குங்கள்.

அரசு வழி: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட ஆதார் அட்டை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பழைய காது, இதயப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் அவற்றின் நகல். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், முதல் நாள் அரை நாள் போய்விடும். மருந்து மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் தயங்காமல் கேளுங்கள்: “டாக்டர், பயப்படுற இடத்துக்குப் படிப்படியா பழக்கப்படுத்துற சிகிச்சை இங்கே தருவீங்களா? உளவியலாளரைப் பார்க்க முடியுமா?” நெரிசலான ஓ.பி.யில் இந்த ஒரு கேள்வி வழியை மாற்றும்.

தனியார் வழி: ஓர் அமர்வுக்கான கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். கட்டணம் எவ்வளவு, அமர்வு எத்தனை நிமிடம், வெளியிடத்துக்குக் கூட வந்து பயிற்சி தருவாரா. மூன்றாவதுதான் முக்கியம். அறைக்குள் உட்கார்ந்து பேசுவதால் மட்டும் உயரப் பயம் போகாது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பதில் தவறில்லை.

காப்பீடு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் புறநோயாளிச் செலவை உங்கள் பாலிசி ஏற்றால்தான் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். ஏற்கும் என்றால் ரசீதோடு நோய்க் குறியீடு எழுதிய மருந்துச் சீட்டும் தேவை. நோய்களுக்கு எண் கொடுக்கும் உலகப் பட்டியலான ஐசிடி 10-இல் இதன் எண் எஃப் 40.2. பின்னால் போய்க் கேட்டால் இன்னொரு நாள் அலைச்சல், முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. பயிற்சிக்குப் புறப்படும் முன் அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரையைப் போட்டுக்கொள்வதும், தைரியத்துக்கு மது அருந்துவதும் பயிற்சியைப் பாழாக்கும். அன்றைக்கு மேலே நின்றுவிடுவீர்கள். ஆனால் ‘மாத்திரையால்தான் நின்றேன்’ என்றுதான் மூளை கற்றுக்கொள்ளும், கால் தடுமாறும் ஆபத்து வேறு. மருத்துவர் தினசரி எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. பயிற்சி செய்யப்போவதாகச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.

4. உங்கள் ஏணியை எழுதுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா. பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 0 என்றால் வீட்டில் சாய்ந்து டீ குடிக்கும் நிலை. 10 என்றால் இதற்குமேல் தாங்காது. உங்களுக்குப் பயம் தரும் இடங்கள் பன்னிரண்டு பதினைந்தை எழுதி, மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள். மாதிரிக்கு ஒன்று:

- உயரமான இடங்களின் காணொளியைப் பெரிய திரையில் பார்ப்பது: 2
- முதல் மாடி ஜன்னலருகே நின்று தெருவைப் பார்ப்பது: 3
- வணிக வளாகத்தின் இரண்டாம் தளத்தில் கண்ணாடித் தடுப்பருகே நிற்பது: 4
- நடைமேம்பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பது: 5
- அதே வளாகத்தின் மேல்தளத்திலிருந்து கீழே பார்ப்பது: 6
- ஐந்தாம் மாடி மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரைத் தொடாமல் நிற்பது: 7
- கலங்கரை விளக்கத்தின் உச்சி: 8
- மலைக்கோட்டை உச்சியிலிருந்து படியிறங்குவது: 8
- மாத்தூர் தொட்டிப்பாலத்தை நடந்து கடப்பது: 9

உயரம் மட்டும் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை. தடுப்பு கண்ணாடியா சுவரா, தரை கம்பிவலையா சிமெண்டா, காற்று வீசுகிறதா, பக்கத்தில் குழந்தை ஓடுகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இரண்டு படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் இவற்றில் ஒன்றை மாற்றி இடைப்படி உண்டாக்கலாம். மொட்டை மாடி 7 என்றால், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பது 5, மூன்றடி தள்ளி 6. தொடங்குவது 3 அல்லது 4-இல். நேராக 9-க்குப் போய்த் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். நிபுணர் பக்கத்தில் இருந்து மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் செய்யும் முறையும் உலகில் இருக்கிறது. தனியாகச் செய்பவருக்கு அது வழியல்ல.

5. இடம் பார்ப்பது

நல்ல பயிற்சி இடத்துக்கு மூன்று தகுதி வேண்டும்: நெஞ்சளவுக்காவது உறுதியான தடுப்பு, எப்போது வேண்டுமானாலும் திரும்பி நடக்க வழி, ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் விரட்டாத சூழல்.

பழைய வீடுகளின் மொட்டை மாடியில் முழங்காலளவே சுவர் இருக்கும். அது பயிற்சி இடமில்லை, அங்கே பயப்படுவதுதான் சரி. தண்ணீர்த் தொட்டி ஏணி, பாதி கட்டிய கட்டடம், தடுப்பில்லாத பாறை விளிம்பு எதுவும் பட்டியலில் வரக் கூடாது. நியாயமான எச்சரிக்கையை அழிக்க முயலாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் வரும் வீண் பயத்தை மட்டும் குறைக்கிறோம்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தொடக்கத்துக்குத் தோதான இடம், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம். 2023 மே மாதம் திறந்தார்கள், நீளம் 570 மீட்டர். கூரை உண்டு, லிப்ட் உண்டு, காசு கிடையாது. பண்டிகைக் காலத்து மாலையில் மட்டும் போகாதீர்கள், நிற்கவே இடமிருக்காது. வணிக வளாகங்கள் வார நாள் காலையில் காலியாக இருக்கும். உயர்த்தப்பட்ட மெட்ரோ நிலையங்களைப் பலர் நினைப்பார்கள், அவை அவ்வளவு பொருத்தமில்லை. உள்ளே தங்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு, நடைமேடை விளிம்பில் நிற்பதும் ஆபத்து.

மெரினா கலங்கரை விளக்கத்தில் ஒன்பதாம் தளம் வரை லிப்ட் உண்டு. நுழைவுக் கட்டணம் சில பத்து ரூபாய்தான். நடுப்பகலில் மூடுவார்கள், வார விடுமுறையும் உண்டு, பராமரிப்புக்காகவும் மூடுவார்கள். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் படிகள் குறுகலானவை. மூடிய இடப் பயமும் உள்ளவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

6. ஓர் அமர்வு, தொடக்கம் முதல் முடிவு வரை

வெறும் வயிற்றில் போகாதீர்கள். காபி ஒரு டம்ளரோடு நிற்கட்டும், அதிகமானால் அதுவே படபடப்பைக் கூட்டும். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். மழை, பலத்த காற்று இருந்தால் இன்னொரு நாள்.

ஏறும் முன் நோட்டில் ஒரு வரி: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? ‘கீழே பார்த்தால் மயங்கி விழுவேன்’, ‘பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல் கத்திவிடுவேன்’ என்பது போலத் தெளிவாக எழுதுங்கள். ‘ஏதோ ஆகும்’ என்று எழுதினால் பிறகு சரிபார்க்க முடியாது.

இடத்துக்குப் போய் நின்றதும் முதல் மதிப்பெண். முதல் சில நிமிடங்கள்தான் மோசம், பயம் ஏறிக்கொண்டே போகும். அப்போதுதான் பெரும்பாலோர் இறங்கி ஓடுகிறார்கள், அப்படி ஓடுவதுதான் பயத்துக்குத் தீனி. உடம்பால் அந்த உச்சத்தை நெடுநேரம் பிடித்துவைக்க முடியாது, பத்து நிமிடம் போல ஆனதும் இறங்கத் தொடங்கும். மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விடாதீர்கள். வேகமான ஆழ்ந்த மூச்சே தலையைக் கிறுகிறுக்க வைக்கும். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் போதும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க மதிப்பெண்ணில் பாதிக்கு வரும்வரை நில்லுங்கள், குறைந்தது 30 நிமிடம், பொதுவாக 45 முதல் 60. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்கு வரவில்லையென்றால் அன்று தோற்றதாக அர்த்தமில்லை. எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்பதும் பாடம்தான். கீழே வந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று முதல் வரிக்கு எதிரே எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளும்தான் சிகிச்சை.

மயங்கி விழுவேன் என்ற பயத்துக்குத் தனியாக ஒரு விளக்கம். மயக்கம் ரத்த அழுத்தம் சட்டென்று குறையும்போது வருவது. உயரப் பயத்தில் இதயத் துடிப்பும் அழுத்தமும் கூடுகின்றன. கால் துவள்வதுபோல் இருக்கும், விழ மாட்டீர்கள்.

உடம்பு ஆடுவதுபோல் தோன்றுவது மட்டும் முழுக்கக் கற்பனையில்லை. தரையில் நிற்கும்போது பக்கத்துச் சுவர், தூண் இவற்றைப் பார்த்துக் கண் நம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. உயரத்தில் பார்க்கும் பொருளெல்லாம் தூரத்தில் இருப்பதால் அந்தத் திருத்தம் தளர்கிறது. அதனால் முதல் நாட்களில் கைப்பிடியோ தூணோ கண்ணோரத்தில் தெரியும்படி நில்லுங்கள். நகரும் மேகத்தையும் ஓடும் வண்டிகளையும் உற்றுப் பார்க்காதீர்கள். முழங்காலை விறைக்காமல் லேசாகத் தளர்த்துங்கள். தொடுவானத்தை முதலில் பாருங்கள், பிறகு எதிர்க் கட்டடம், பிறகு மரத்தின் உச்சி, கடைசியில் நேர்கீழே. இந்த வரிசையில் பார்வை இறங்கினால் எளிது.

7. நீங்களே வைத்திருக்கும் ஊன்றுகோல்களைக் கழற்றுங்கள்

நிறையப் பேர் தவறாமல் போகிறார்கள், பயம் குறையவே இல்லை. காரணம் பெரும்பாலும் இதுதான். கைப்பிடியை முறுக்கிப் பிடித்திருப்பார்கள், கண்ணைப் பாதி மூடியிருப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், காதில் பாட்டு ஓடும், துணைக்கு வந்தவர் சட்டையைப் பற்றியிருப்பார்கள், மனசுக்குள் எண்ணை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ‘இதைச் செய்ததால் தப்பித்தேன்’ என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது, பயம் அப்படியே இருக்கிறது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம். முறுக்கிப் பிடித்த பிடி, விரல் படும் அளவுத் தொடுதலாகட்டும். பிறகு கையைத் தொங்கவிடுங்கள். பிறகு தடுப்புக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துணைவர் முதல் முறை பக்கத்தில், அடுத்த முறை இருபதடி தள்ளி, அதற்கடுத்து அடிவாரத்தில். ஒவ்வொன்றையும் தனிப் படியாக நோட்டில் எழுதுங்கள்.

துணைவருக்கும் பயிற்சி வேண்டும். “ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் ஊன்றுகோல்தான். அவர் கேட்க வேண்டியது “இப்ப எவ்வளவு?” என்பது மட்டும். கையைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து தள்ளுவதுபோல் விளையாடுவது, காணொளி எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது மூன்றும் கூடவே கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். விளையாட்டுக்குத் தள்ளுபவரை இரண்டாவது முறை அழைத்துப் போகாதீர்கள்.

ஒரே படியை, அது 2 அல்லது 3-க்கு வரும்வரை, வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், முடிந்தால் வெவ்வேறு இடத்தில் திரும்பச் செய்யுங்கள். ஒரே மேம்பாலத்தில் மட்டும் பழகினால் அந்த மேம்பாலத்துக்கு மட்டும்தான் பயம் போகும்.

8. பெரிய படிகள்

இங்கே எல்லோரும் மறக்கும் விதி: ஏறுவதை விட இறங்குவது கடினம். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் படி இருக்கிறது, இறங்கும்போது கண்ணுக்கு முன்னால் வெளிதான் இருக்கிறது. எனவே பத்துப் படி ஏறி, பத்துப் படி இறங்கிப் பாருங்கள், பிறகு ஐம்பது. இறங்கிப் பழகாத தூரம் ஏறாதீர்கள். நடுவில் கால் ஓடவில்லையென்றால் ஓரமாக உட்கார்ந்து, பயம் தணிந்ததும் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கலாம்.

திருச்சி மலைக்கோட்டை இதற்கு அருமையான இடம். பாறை 83 மீட்டர் உயரம், உச்சிப் பிள்ளையார் வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். அடியிலிருந்து தாயுமானவர் சந்நிதி வரை பெரும்பாலும் பாறைக்குள்ளேயே போவதால் வெளி தெரியாது. அதற்கு மேல்தான் திறந்த பாறையும் கம்பித் தடுப்பும். முதல் பகுதியை எளிதாக முடித்து, கடைசிப் பகுதியை மட்டும் பலமுறை ஏறி இறங்கிப் பயிற்சி செய்யலாம். செருப்பைக் கீழேயே விட வேண்டும். மதியம் பாறை கொதிக்கும், சூட்டுக்கு அஞ்சி ஓடுவதும் பயத்தால் ஓடுவதும் உடம்புக்குக் குழம்பிவிடும். காலையிலேயே போங்கள்.

பழநியில் 693 படிகளோடு யானைப்பாதையும் இருக்கிறது. அது அகலம், சரிவும் மெதுவானது. முதல் முறை யானைப்பாதையில் ஏறி அதிலேயே இறங்குங்கள். அடுத்த முறை படியில் இறங்கலாம். ரோப் காரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது, பயணம் சில நிமிடமே என்பதால் பயம் உச்சத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும். அதில் பழக வேண்டுமானால் ஒரே நாளில் பல முறை போய்வர வேண்டும். பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள், மாதத்துக்கு ஒரு நாளும் ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்களும் பராமரிப்புக்காக ஓடாது. தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

குமரி மாவட்டம் திருவட்டாறு அருகே மாத்தூர் தொட்டிப்பாலம். பாசனத் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகக் கட்டியது, 115 அடி உயரம். நடைபாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும், இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. விடுமுறை நாள் கூட்டத்தைத் தவிருங்கள். முதல் நாள் பாதி தூரம் போய் அங்கேயே அரை மணி நேரம் நின்று திரும்புங்கள், அவசரமாகக் கடந்து அக்கரை சேர்வதை விட அது பயன் தரும். அதே மாவட்டத்தில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கடல் சீற்றமாக இருந்தால் படகு விடமாட்டார்கள். படகு வரிசைக்கே பாதி நாள் போகலாம். எனவே குமரிப் பயணத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டு, பாலத்தை முதல் நாள் காலையிலும், தொட்டிப்பாலத்தை அடுத்த நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. தேங்கி நின்றால், திரும்பி வந்தால்

இரண்டு வாரமாக ஒரே படியில் மதிப்பெண் இறங்கவில்லையென்றால் முதலில் ஊன்றுகோல் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நேரம்: 15 நிமிடத்தில் இறங்கிவிடுகிறீர்களா? இடைவெளி: வாரத்துக்கு ஒரு முறைதான் போகிறீர்களா? இந்த மூன்றும் சரியாக இருந்தும் நகரவில்லையென்றால் உளவியலாளரைப் பாருங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள். அவருக்கு முதல் இரண்டு அமர்வின் வேலை அதில் முடிந்திருக்கும். மெய்நிகர் கண்ணாடி (கண்ணில் மாட்டினால் உயரத்தில் நிற்பதுபோலவே காட்டும் விஆர் கருவி) வைத்திருக்கும் மையம் கிடைத்தால் அதுவும் நல்ல வழி. 2018-இல் பிரிட்டனில் 100 பேரிடம் செய்த ஆய்வில், இந்தக் கருவியோடு செய்த இரண்டு வாரப் பயிற்சியிலேயே உயரப் பயம் பெருமளவு குறைந்தது.

பயம் குறைந்த பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது 6, 7 மதிப்பெண்ணில் இருந்த பழைய இடம் ஒன்றுக்குப் போய் அரை மணி நேரம் நின்று வாருங்கள். காய்ச்சல், தூக்கமின்மை, வீட்டுக் கவலை உள்ள வாரங்களில் பழைய நடுக்கம் எட்டிப் பார்க்கும். அப்போது ஏணியில் இரண்டு படி இறங்கி அங்கிருந்து தொடருங்கள். முதல் முறை மூன்று வாரம் பிடித்த படி, இந்த முறை சில நாட்களில் முடிந்துவிடும்.